வேனை விட்டு இறங்காத டேப்

செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பேருந்தில் ஏறினேன். எண்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் எழுபத்தெட்டு ரூபாய். ஜன்னலோரம் கிடைக்கவில்லை என்றால் ஒரு பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுகிற ஆள் நான். அதற்காக வீட்டில் வாங்கிய திட்டுகளுக்குக் கணக்கில்லை. கல்லுப்பட்டி, அழகாபுரி, கிருஷ்ணன்கோவில் என்று ஊர்கள் கழிய, வலப்பக்கம் மலை தலையில் மேகத்தோடு கூடவே வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிய ஆட்களைவிட ஏறிய பால்கோவாப் பெட்டிகள் அதிகம். ராஜபாளையத்தில் இறங்கும்போது ஆடி மாதக் காற்று முகத்தில் அறைந்தது. அறை வாடகை எழுநூறு ரூபாய். கட்டில் சுத்தமாக இருந்தது, அதற்கு மேல் எதையும் நான் எதிர்பார்ப்பதில்லை.

எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு சிறிய ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். படிப்புக்காக என்று சந்தைக்கு வரும் கருவிகள் பிள்ளைகளுக்கு உதவுகின்றனவா, விற்பவர்களுக்கு மட்டும் உதவுகின்றனவா என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. போன கல்வியாண்டில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சில தொடக்கப் பள்ளிகளின் நாலாம் வகுப்புக்கு, பாடம் ஏற்றிய கையகலக் கணினிகளைக் கொடுத்தோம். டீச்சர்கள் வாயில் அது ‘டேப்’. வேறு சில பள்ளிகளுக்கு வேண்டுமென்றே கொடுக்கவில்லை. ஆண்டு முடிவில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் வாசிக்க வைத்து, கணக்குப் போட வைத்து, ஒப்பிட்டுப் பார்த்தோம். கொடுத்த பள்ளிகள் முந்தியிருந்தால் டேப்பால் பயன் உண்டு என்று பொருள்.

இதே சோதனையை நடத்திய மற்ற மாவட்டங்களில் அப்படித்தான் முந்தியிருந்தார்கள். இங்கே மட்டும் டேப் வாங்கிய பள்ளிகளும் முன்னேறியிருந்தன, வாங்காத பள்ளிகளும் அதே அளவு முன்னேறியிருந்தன. வரைபடத்தில் இரண்டு பக்கத்துக் கோடுகளும் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு எங்கள் இயக்குநர், டேப்பால் இங்கே பயனில்லை என்று அறிக்கை எழுதச் சொன்னார். எழுதிவிட்டால் டேப்களைத் திரும்ப வாங்கி வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடலாம். ஒரு வருடமாக அந்தக் கோடுகளோடு குடும்பம் நடத்தியவள் நான். போய்ப் பார்க்காமல் எழுத மனசு வரவில்லை. இரண்டு நாள் கேட்டு வாங்கினேன்.

புதன்கிழமை காலை ஏழு மணி. பழைய பேருந்து நிலையம் பக்கம் பன்னிரண்டு ரூபாய்க்கு நல்ல டீ. கடைக்காரர் போனில் மனைவியிடம் தெலுங்கிலும் என்னிடம் தமிழிலும் ஒரே மூச்சில் பேசினார். வெள்ளை நாய் ஒன்று, கல்வி அதிகாரி வகுப்பறையைப் பார்ப்பதுபோல, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஏழரைக்கு வேன் வந்தது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் குடியிருந்துகொண்டு வத்திராயிருப்புப் பக்கம் வேலை பார்க்கும் டீச்சர்கள் ஒன்றுசேர்ந்து மாத வாடகைக்கு வைத்திருக்கும் வேன் அது. கான்சாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் தமிழரசி டீச்சர்தான் என்னை அதில் வரச் சொன்னவர். எங்கள் டேப் வாங்கிய பள்ளி அவருடையது. “பஸ்ஸ நம்புனா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேருவீங்க மேடம், வேன்ல வந்துருங்க” என்று முதல் நாளே போனில் எச்சரித்திருந்தார்.

வேனில் பாட்டுப்பெட்டி வேலை செய்யவில்லை. பழுதாகி ரொம்ப நாளாயிற்று என்றார் ஓட்டுநர் செல்வம். சரிசெய்ய வேண்டாம் என்று டீச்சர்களே சொல்லிவிட்டார்களாம். காரணம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் தெரிந்தது. ராஜபாளையத்திலிருந்து பதினோரு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் வந்தது. தேர் பக்கத்தில் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தேவாலயத்தை ஒட்டிய நிறுத்தத்தில் கிரேஸ் டீச்சர் ஏறினார். சுந்தரபாண்டியத்துக்குப் பக்கத்துப் பள்ளி அவருடையது. நாங்கள் டேப் கொடுக்காத பள்ளி. வந்து உட்கார்ந்தவர் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார், பிறகு பொதுவாகக் கேட்டார்: “சரி, நேத்து யாருக்கு ஊத்திக்கிட்டு?”

அதுதான் அந்த வேனின் வழக்கம். முந்தின நாள் வகுப்பில் எது ஊத்திக்கொண்டதோ அதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சிரிப்பார்கள், பிறகு வழி சொல்வார்கள். யாருடைய வகுப்பு மோசமாக ஊத்திக்கொண்டதோ அவருக்குச் சாயங்காலம் முன்சீட்டு. அன்று ஒரு டீச்சர், காலே அரைக்கால் சொல்லிக்கொடுக்கப் போய்க் கடைசியில் தானே குழம்பிய கதையைச் சொன்னார். தோல்வியை இவ்வளவு போட்டி போட்டுக்கொண்டு சொல்கிற கூட்டத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பத்திரமாகப் பூட்டிவைக்கப் பள்ளியில் இடமில்லாததால் தமிழரசி டீச்சர் டேப்களை வீட்டுக்கு எடுத்துப்போய் மின்னேற்றிக் கொண்டுவருகிறார். அந்தப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். முழுசு, பாதி, கால் என்று செங்கல் செங்கலாக அடுக்கிக் காட்டும் பின்னச் சுவர் என்ற பாடத்தை ஓடவிட்டார். ஆறு தலைகள் அதன் மேல் குனிந்தன. அதில் ஒரு தலை கிரேஸ் டீச்சருடையது, மற்றவற்றிலும் டேப் இல்லாத பள்ளிக்காரர்கள் இருந்தார்கள்.

டேப் கொடுக்காத பள்ளிகளின் டீச்சர்கள் ஒரு வருடமாகத் தினமும் காலையில் டேப்பைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். என் இரண்டு கோடுகளும் ஏன் பிரியவில்லை என்பதற்கான விடை, நான் கணினி முன் மண்டையை உடைத்துக்கொண்ட அத்தனை நாளும், கிருஷ்ணன்கோவில் சாலையில் இப்படி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கிரேஸ் டீச்சரிடம் கேட்டேன். உங்கள் பள்ளிக்கு டேப் கிடையாது என்று சொல்லியிருந்தோமே என்றேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்திருக்கும்.

“பள்ளிக்கூடத்துக்குள்ள டேப் வரக்கூடாதுன்னுதான மேடம் சொன்னீங்க? ஒரு நாளும் வரல. எறங்கும்போது தமிழரசி டீச்சர் கையில குடுத்துட்டுத்தான் எறங்குவேன். வேணும்னா செல்வத்தக் கேளுங்க.”

செல்வம் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கிரேஸ் டீச்சர் முகத்தில் கள்ளத்தனம் துளியும் இல்லை. நாங்கள் போட்ட விதியை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியவரின் நிமிர்வுதான் இருந்தது. சுந்தரபாண்டியம் தாண்டிச் சிறிது தூரத்தில் வேன் நின்றது. சொன்னபடியே டேப்பைத் தமிழரசி டீச்சர் மடியில் வைத்துவிட்டு அவர் இறங்கினார். நானும் அங்கேயே இறங்கிக்கொண்டேன்.

பதினோரு மணி வரை அவர் வகுப்பில் இருந்தேன். பிள்ளைகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் டேப்பில் எண்கோட்டின் மேல் தவளை ஒன்று குதிக்கும். இங்கே முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வகுப்பே குதித்தது. பின்னச் சுவருக்குப் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி வைத்திருந்தார். பாடம் எங்களுடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் பாடத்தில் இவ்வளவு சத்தம் கிடையாது.

கடைசி வரிசையில் ஒரு பிள்ளை குதிக்காமல் உட்கார்ந்திருந்தாள். முத்துமாரி. அப்பாவும் அம்மாவும் பொங்கல் கழித்துச் செங்கல் சூளைக்குப் போகும்போது கூடவே போனவள், பள்ளி திறந்து சில வாரம் கழித்துத்தான் திரும்பினாள். எங்கள் ஆண்டிறுதிச் சோதனையில் அவள் பெயரே கிடையாது, அன்று வராத பிள்ளைகளை விட்டுவிடுவது எங்கள் முறை. அட்டையை அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திரும்பக் கொடுத்தாள்.

கிரேஸ் டீச்சர் என்னை வெளியே அழைத்துவந்தார். வேனில் இருந்த நிமிர்வு இப்போது இல்லை.

“வேன்ல பாத்ததையெல்லாம் கிளாஸுக்குக் கொண்டாந்துட்டேன் மேடம். இவளுக்கு வேண்டியத மட்டும் கொண்டார முடியல. இவ ரெண்டாங்கிளாஸ்ல நிக்கா. கூட ஒரு ஆளு உக்காரணும், நான் ஒருத்தி எம்புட்டுப் பேரு கூட உக்கார? தமிழரசி டீச்சர் ஸ்கூல்ல போய்ப் பாருங்க, பொறவு பேசுவோம்.”

கான்சாபுரம் பக்கம் போகும் டவுன் பஸ் பன்னிரண்டு மணிக்கு வந்தது. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் தென்னந்தோப்பு. மலை இப்போது கைநீட்டினால் தொடலாம் என்ற தூரத்தில்.

தமிழரசி டீச்சரின் பள்ளியிலும் சூளைக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் காதில் ஹெட்போனை மாட்டியபடி ஆளுக்கொரு டேப்போடு சுவரோரம் இருந்தார்கள். ஒரு பையன் விட்டுப்போன மூன்றாம் வகுப்புப் பாடத்தை வாய்விட்டு வாசித்தான். தப்பாக வாசித்தால் டேப் மறுபடி சொல்லிக்கொடுத்தது. அது எத்தனை தடவை சொன்னாலும் அலுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் யாரும் சிரிக்கவும் இல்லை. வகுப்பு மொத்தத்துக்கும் டேப் செய்ததை அந்த வேனே செய்துவிட்டது. இந்தச் சுவரோரத்தில் டேப் செய்வதை மட்டும் வேனால் செய்ய முடியவில்லை. எங்கள் சராசரிக் கோட்டில் இவர்கள் எங்கேயும் தெரியமாட்டார்கள்.

வேப்பமரத்தடியில் நின்று இயக்குநருக்குப் போன் செய்தேன். நடந்ததைக் கேட்டதும் முதலில் கோபப்பட்டார். இரண்டு பக்கமும் கலந்துவிட்டால் ஒப்பீடே செல்லாது, ஒரு வருட வேலை போயிற்று என்றார். போயிற்றுதான் என்றேன். அந்தக் கோடுகளை நான் எவ்வளவு நம்பியிருந்தேன் என்பது எனக்குத்தானே தெரியும். பிறகு முத்துமாரியைப் பற்றிச் சொன்னேன். பயனில்லை என்று என்னால் எழுத முடியாது. பயன் உண்டு என்று நிரூபிக்கவும் முடியாது. பார்த்ததை அப்படியே எழுதுகிறேன் என்றேன். கடைசியில், இந்த ஊரின் ஒப்பீட்டை இன்றோடு நிறுத்திவிடு, டேப்கள் இந்த வருடம் முடியும்வரை அங்கேயே இருக்கட்டும் என்றார். அதற்கு மேல் அவராலும் சொல்ல முடியாது.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு வேன் எங்களை ஏற்றிக்கொண்டது. சுந்தரபாண்டியம் அருகே கிரேஸ் டீச்சர் ஏறியதும், ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன். எதனால் என்பதையும் சொன்னேன். எல்லோர் பார்வையும் டேப் பையின் மேல் போயிற்று. தாங்கள்தான் கெடுத்துவிட்டோம் என்று அவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும். தமிழரசி டீச்சர் மெதுவாகக் கேட்டார்: “அப்ப இன்னைக்கு மோசமா ஊத்திக்கிட்டது உங்களுக்குத்தான மேடம்?”

ஆமாம் என்றேன். வண்டியை ஓரங்கட்டி, என்னை முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். கிருஷ்ணன்கோவில் வரை சிரித்து ஓய்ந்தபின் வழி சொல்லவும் தொடங்கினார்கள். வழக்கப்படி.

வியாழக்கிழமை காலை அதே வேனில் சுந்தரபாண்டியம் வரை போனேன், அங்கிருந்து மதுரைக்குத் திரும்புவதாகத் திட்டம். பையில் கால் கிலோ பால்கோவா இருந்தது, தொண்ணூறு ரூபாய். பள்ளி வாசலில் வண்டி நின்றதும் கிரேஸ் டீச்சர் பழக்கத்தில் டேப்பைத் தமிழரசி டீச்சர் மடியில் வைத்தார். அவர் எடுத்துத் திரும்பக் கொடுத்தார். எங்களுக்கு ஒன்று குறைந்தால் ஒன்றும் ஆகாது என்றார். கிரேஸ் டீச்சர் கீழே இறங்கி, வாசலில் நின்று, என் பக்கம் திரும்பினார்.

“உள்ள கொண்டு போலாம்லா மேடம்?”

போகலாம் டீச்சர் என்றேன். டேப்பை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வேகமாக உள்ளே போனார். யாரும் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை, இருந்தாலும் அப்படித்தான் போனார்.

கோயம்புத்தூரில் எங்கள் அலுவலகம் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்ந்த அறைகள். திரும்பி வந்த அன்று பக்கத்து மேசை நண்பரிடம், நேற்று உங்களுக்கு எது ஊத்திக்கொண்டது என்று கேட்டேன். எந்தக் கோப்பில் தப்பு வந்துவிட்டதோ என்று மனிதர் பயந்துபோனார். நானும் விட்டுவிட்டேன். ஒரே திட்டத்தில் வேலை பார்க்கும் நாங்கள் ஒருவர் தோல்வியை ஒருவர் அறிந்ததில்லை, அதற்கு எங்களிடம் வேன் இல்லை.

அடுத்த வாரம் அறிக்கையை எழுதி முடித்துவிட்டு, டேப்கள் அனுப்பும் பதிவுகளைக் கணினியில் திறந்தேன். டேப்களைப் பயன்படுத்துகிற பிள்ளைகளின் பட்டியலில் ஒரு வரி சிவப்பாக இருந்தது. பெயர் முத்துமாரி. இரண்டாம் வகுப்புப் பாடம், நான்கு நாளில் ஆறு பக்கம். ஆய்வில் சேராத பெயர், நீக்கிவிடவா என்று கணினி கேட்டது. அப்படிப்பட்ட பெயர்களைத் தேடி நீக்குவதுதான் ஒரு வருடமாக என் வேலை.

வேண்டாம் என்று அழுத்தினேன்.