கல்யாணக் காருக்கு மஞ்சள்

சிக்னல் போடுகிறவள் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. கம்பம் நடுகிறவளா, பல்பு மாட்டுகிறவளா என்று கேட்பார்கள். எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் பச்சை, நடந்து போகிறவர்களுக்கு எப்போது வழி என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை என்று விளக்கினால், "அதுக்கெல்லாமா படிக்கணும்?" என்பார்கள். விளக்கி விளக்கி வாய் வலித்துப்போய், இப்போதெல்லாம் இன்ஜினியர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காரைக்குடியில் எங்கள் வீட்டை ஒட்டிய நாலு ரோடு முக்குக்கு சிக்னல் வடிவமைக்கும் வேலை, நான் இருக்கும் சின்ன நிறுவனத்துக்குக் கிடைத்தபோது துள்ளிக் குதித்தேன். சுயநலம்தான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் மாதா கோயில். ஓய்வுபெற்ற வாத்தியாரான அப்பா தினமும் காலைப் பூசைக்கு நடந்து போவார். இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு நடை தளர்ந்துவிட்டது. ஆனாலும் துணைக்கு யாராவது கிளம்பினால் "நான் என்ன பச்சைப் பிள்ளையா?" என்று ஒரே முறைப்பு. அவர் தனியாக, பத்திரமாக ரோட்டைத் தாண்ட வேண்டும். அந்த சிக்னலிடம் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பச்சை நேரத்தைக் கணக்குப் போட, முதலில் ரோட்டில் எத்தனை வண்டி போகிறது என்று எண்ண வேண்டும். அதிலேயே கோளாறு ஆரம்பித்தது. "ஆடியிலயே எண்ணிடுங்க, ரோடு காலியா இருக்கும், எண்ண வசதி" என்றார் என் மேலதிகாரி. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆடியில் இந்தப் பக்கம் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்களான எங்கள் வீட்டிலேயே வைக்க மாட்டோம். ஆவணி பிறந்தால் போதும், வருஷமெல்லாம் பூட்டிக் கிடக்கும் பக்கத்துக் கண்டனூர் பெரிய வீடுகள் திறக்கும், சென்னையிலிருந்து கார் காராக வந்து இறங்கும். ஆடியில் எண்ணி ஆவணிக்குக் கணக்குப் போடுவது, காலிப் பந்தலைப் பார்த்து உலை வைக்கிற மாதிரி. சொல்லிப் பார்த்தேன், எழுதியும் கொடுத்தேன். ஆடியில்தான் எண்ணினோம்; ஆடி முடிவதற்குள் சிக்னலும் எரிய ஆரம்பித்தது.

ஆவணியின் முதல் முகூர்த்தத்தன்றே வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. மேலதிகாரி போன் போட்டு, நடக்கிறவர்களுக்கு வைத்திருக்கும் பச்சையைக் குறைக்கச் சொன்னார். அந்தப் பச்சையை நான் அப்பாவின் நடைக்கு அளந்து வைத்திருந்தேன். வேறு எதை வேண்டுமானாலும் குறைக்கிறேன், அதைத் தொட மாட்டேன் என்று மல்லுக்கு நின்றேன். போய்த் தொலை என்று விட்டுவிட்டார். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அடுத்த முகூர்த்தத்தன்று போய்ப் பார்த்தால், சிக்னலில் மஞ்சள் மட்டும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருக்கிறது. அப்படி எரிந்தால் அவரவர் பார்த்துப் போக வேண்டியதுதான். நடக்கிறவர்களுக்கான பச்சை வரவே வராது. டூட்டியில் இருந்த போலீஸ்காரர்தான் ரோட்டோரத்து சிக்னல் பெட்டியைத் திறந்து மாற்றி வைத்திருந்தார்.

"ஏன் சார் இப்பிடிப் பண்றீக?"

"கல்யாணக் காரு வருதுல்ல மேடம். மாப்பிள்ளையும் பொண்ணும் உள்ள இருக்கையில செகப்புல நிப்பாட்டுனா, தடங்கல்னு மனசு சங்கடப்படுறாக. மஞ்சள்னா மங்களம்தானே."

"சிக்னலுக்கே மங்களம் பாடிட்டீக. நடந்து போறவுக எப்பிடித் தாண்டுவாக?"

"நீங்க ஒண்ணு! கையக் காட்டிட்டுப் போவாக. எல்லாரும் நம்ம ஊருக்காரகதான, நிக்க மாட்டாகளா?"

அவரிடம் கோபப்படவும் முடியவில்லை. வெயிலில் வெந்துகொண்டு, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தடங்கல் வந்துவிடக் கூடாதே என்று நிஜமாகவே கவலைப்படுகிற மனிதர். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் புகார் கொடுக்கலாம். நல்ல மனசோடு செய்கிறவரை என்ன செய்வது? அதன் பிறகு முகூர்த்த நாளில் கல்யாணக் கார் தலை காட்டினாலே மஞ்சள்தான். அந்த நாட்களில் அப்பா ரோட்டோரம் போய் நிற்பார். நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கே திரும்பிவிடுவார். கேட்டால், "இன்னைக்கு முடியல" என்பார். எது முடியவில்லை என்று சொல்ல மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தை மாதம் என் தம்பிக்குக் கல்யாணம். அன்று காலை அப்பா காரில் ஏறவில்லை. "இந்தா இருக்கு கோயிலு. நான் முன்னால போயி பங்குச் சாமியாரப் பாக்குறேன்" என்று புது வேட்டி சட்டையோடு நடந்தே கிளம்பிவிட்டார். நாங்கள் பூ ஜோடித்த காரில் தம்பியை உட்கார வைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். எதிர்ப்பக்கத்துக் கோயிலுக்கே போனாலும் மாப்பிள்ளை காரை நாலு பேர் பார்க்க வேண்டுமாம். அம்மா இல்லாத வீட்டில் அம்மா ஸ்தானத்தில் இருந்த சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

முக்குக்கு வந்தபோது எங்களுக்குச் சிவப்பு. அப்பா இன்னும் இந்தப் பக்கமே இருந்தார். அதுவரை எத்தனை கல்யாணக் கார்களுக்கு மஞ்சள் விழுந்ததோ தெரியவில்லை. இப்போதுதான் அவருக்குப் பச்சை கிடைத்து, ரோட்டில் இறங்கி இரண்டு எட்டு வைத்திருந்தார். அதே நேரம் போலீஸ்காரர் என்னைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம மேடம் வீட்டுக் கல்யாணமா!" என்று பெட்டியை நோக்கி ஓடினார். அப்பாவின் பச்சை அணைந்தது. மஞ்சள் எரிந்தது. எல்லா வண்டிகளும் ஒரேயடியாகக் கிளம்பின.

"யோவ் பெருசு, ஓரமாப் போய்யா!" என்று எங்கள் டிரைவர் ஹாரனை அழுத்தினார். வாடகைக் காரின் டிரைவர், அப்பாவை அவருக்குத் தெரியாது.

"நிப்பாட்டுங்க, அது எங்கப்பா!" என்று கத்தினேன்.

"மாப்பிள்ளை காரை நடுரோட்டுல நிப்பாட்டச் சொல்லாதடி" என்று சித்தி என் கையை இறுக்கிப் பிடித்தார். தம்பி திரும்பிப் பார்ப்பதற்குள் முக்கைத் தாண்டிவிட்டோம்.

கோயில் வாசலில் கார் நின்றதும் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினேன். அப்பா பழையபடி வீட்டுப் பக்கத்து ரோட்டோரத்திலேயே ஏறி நின்றிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"பச்சை இருக்கையிலயே வெரசா வந்திருக்க வேண்டியதுதானப்பா? உங்களுக்குன்னுதான அதை வச்சேன்! போலீஸ்காரரு மஞ்சளப் போட்டு..."

"அவரு போடுறதுக்கு முன்னாலயே நம்ம காரப் பாத்துட்டேன் ஆத்தா. கால அப்பவே பின்னால எடுத்துக்கிட்டேன்" என்றார் அப்பா. "எம் மகன் கல்யாணக் காரு, என்னாலயா நிக்கணும்?"