செருப்பு அலமாரியில் ஒரு சாட்சி

துணி மேசைமேல் விழுந்ததும் கு போன்சிக்கின் கை முதலில் போவது கைபேசிக்குத்தான். முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், பைகளை வெளியே இழுத்துப் போட்டு ஒரு படம், கறை இருந்தால் அதற்கு மட்டும் மூக்கு உரசுகிற கிட்டத்தில் தனியாக ஒரு படம். வரன் பார்க்க வந்தவர்கள்கூடப் பெண்ணை இத்தனை பக்கத்திலிருந்து பார்த்திருக்க மாட்டார்கள். பூச்சோன் நகரத்தில் அவருடைய சலவைக்கடை இருக்கும் அடுக்ககத்துப் பெண்களுக்கு இது பழகிவிட்டது. பேருந்துக்கு நேரமாகிறது என்று தவிப்பவர்களையும் அவர் விடுவதில்லை. "கொஞ்சம் இருங்கம்மா, காலர் சரியா விழல" என்று இன்னொரு தரம் எடுப்பார்.

கறையைப் பார்த்தால் அது என்னவென்று சொல்லியும்விடுவார். மனதுக்குள் சொல்லிக்கொண்டால் தேவலை. கூடுதல் வேலை இருந்தது என்று வீட்டில் சொன்ன கணவர்களின் சட்டைகளில் பன்றி வாட்டிய கொழுப்பைக் கண்டுபிடித்துக் கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்ததில், ஆண்கள் பலர் லிஃப்டில் அவரைக் கண்டால் தரையைப் பார்க்கிறார்கள்.

படங்கள் அனைத்தும், கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அவர் வீட்டின் செருப்பு அலமாரிக்குப் போகின்றன. அங்கே மேல்தட்டில், ரவுட்டருக்குப் பக்கத்தில், மகள் தாஹே வாங்கிக் கொடுத்த கறுப்புச் சேமிப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. கைபேசி நிரம்பிவிடுவதால் அதில் இருப்பதை ஞாயிறுதோறும் அழித்துவிடுவார், மிஞ்சுவது பெட்டியில்தான். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் சாட்சி. "சாட்சி வீட்டுக்கு வந்தப்புறம் நான் ஒரு சண்டையிலயும் தோத்ததில்ல" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி இருக்கும்.

இன்னொரு பலவீனமும் உண்டு. இன்டர்நெட் ஒப்பந்தம் முடிந்ததும் கம்பெனி மாறிவிடுவார். மாறுகிறவருக்குப் பரிசு, ஒரே இடத்தில் விசுவாசமாக இருப்பவருக்கு நாமம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடையில் ஓடும் தொலைக்காட்சி ஒரு கம்பெனி கொடுத்தது. காற்றைச் சுத்தம் செய்யும் எந்திரம் அடுத்த கம்பெனி கொடுத்தது. அவர் மனைவி யாங்ஜா வாடிக்கையாளர்களிடம் சொல்வாள்: "பொண்டாட்டிய மாத்தினா என்ன குடுப்பாங்கன்னு மட்டும் மனுஷன் இன்னும் விசாரிக்கல."

இந்த இலையுதிர் காலத்தில் ஈரம் உறிஞ்சும் எந்திரம் ஒன்றுக்காக மாறினார். பழைய ரவுட்டர் போயிற்று, புதியது வந்தது. தொலைக்காட்சி ஓடியது, பெட்டியின் பச்சை விளக்கு வழக்கம்போலச் சிமிட்டியது. ஆனால் கைபேசியில் எத்தனை தட்டினாலும் அப்படி ஒரு பெட்டியே வீட்டில் இல்லை என்று வந்தது. தேஜோனில் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கும் தாஹேவுக்குப் போன் போட்டார்.

"பழைய ரவுட்டருக்குத் தகுந்த மாதிரி நான்தாம்பா அதுக்கு ஒரு நிரந்தர முகவரி குடுத்து வச்சேன். ரவுட்டர் தெருவ மாத்திடுச்சு, பெட்டி இன்னும் பழைய தெருவுலயே நிக்குது" என்றாள். வழியும் சொன்னாள். பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, ஊசியால் அழுத்தி, ஒரு தரம் கீச்சென்றதும் விட்டுவிட வேண்டும், அது பழைய முகவரியை மறந்து புதியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். படங்களுக்கு ஒன்றும் ஆகாது.

"மறந்துடும்னா, எதையெல்லாம் மறக்கும்?" என்று கேட்டார் போன்சிக்.

முகவரியை மட்டும் என்று மகள் எத்தனை தரம் சொன்னாலும் அவர் மனம் ஒப்பவில்லை. துணியை நிமிடத்தில் பொசுக்கும் தேய்ப்பு எந்திரத்தோடு அஞ்சாமல் காலம் தள்ளுகிறவர், ஓர் ஓட்டைக்குப் பயந்து நாளைக் கடத்தினார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் மேங் யோங்சுன், அடுக்ககத்து மாதர் சங்கத் தலைவி. குப்பை தரம் பிரிக்கும் நாளில் கையுறை மாட்டிக்கொண்டு நின்று, யார் தயிர் டப்பாவைக் கழுவாமல் போட்டது என்று ஊரைக் கூட்டுகிறவர். தேய்த்து வாங்கிப்போன ஒட்டகநிறக் கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். இடது பைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கம்பளி சூட்டில் பொசுங்கிப் பளபளவென்று செத்துக் கிடந்தது. மகன் வேலைக்குப் போய் வாங்கிக் கொடுத்த கோட்டு அது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டாரை முதன்முதலாகப் பார்க்க உணவகத்துக்குப் போக வேண்டும்.

"எதப் போட்டுக்கிட்டு அவங்க முன்னால போய் உக்காரட்டும், முதலாளி? நீங்களே சொல்லுங்க."

அது வரும்போதே இருந்தது என்றார் போன்சிக். சாட்சி இருக்கிறது என்றார். எங்கே, காட்டுங்கள் என்றதும் கம்பெனி மாறிய கதையை ஆரம்பித்தார். தலைவி முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப சாட்சி ஊர்ல இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் தினமும் கடை வாசலில் தலையை நீட்டி, சாட்சி திரும்பியாச்சா என்று விசாரித்தார்.

அடுக்ககத்தின் அரட்டைக் குழுவில் வழக்கு நடந்தது. தயிர் டப்பாக்காரர்கள் எல்லோரும் போன்சிக் பக்கம். இத்தனை கோட்டு தேய்த்தவர் இதையா பொசுக்கினார் என்று எழுதினார்கள். ஒருத்தி பேரிப்பழம்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள். போன்சிக் குளிர்ந்துபோனார். ஓட்டையை அழுத்துவதற்கு இப்போது அவசரமே இல்லை போலிருந்தது.

சனிக்கிழமை காலையில் யாங்ஜா, துணியில் சீட்டுக் குத்தும் ஊக்கு ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள். நாளைக்கு அந்த அம்மா எதையாவது போட்டுக்கொண்டு போகத்தானே வேண்டும், படத்தைக் காட்டி முடித்துவிடுங்கள் என்றாள். கைபேசியில் தாஹே காத்திருந்தாள். போன்சிக் செருப்புகளுக்கு நடுவே மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். பெட்டி கீச்சென்றதும் சூடு பட்டவர்போலக் கையை உதறினார்.

கொஞ்ச நேரத்தில் கைபேசியில் பெட்டி தெரிந்தது. ஒரு படமும் தொலையவில்லை. சந்தோஷத்தில் பழைய ரஜாய்களையும் பள்ளிச் சீருடைகளையும் தள்ளிக்கொண்டே போனவர், ஒட்டகநிறக் கோட்டில் நின்றார். முன்பக்கப் படம் நன்றாகவே விழுந்திருந்தது. பெரிதாக்கினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னும் பெரிதாக்கினார். இடது பைக்குக் கீழே கம்பளி அப்போதுதான் வாங்கியதுபோல மெத்தென்று இருந்தது.

"கெடச்சுதாப்பா?"

"கெடச்சுது."

"அப்ப ஜெயிச்சாச்சு" என்று சிரித்துவிட்டு தாஹே வைத்துவிட்டாள்.

யாங்ஜாவும் எட்டிப் பார்த்திருந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பெட்டி செத்துப்போச்சுன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்லைங்க."

அது உண்மைதான். அடுக்ககமே நம்பும், பேரிப்பழம்கூட இன்னும் வரும். போன்சிக்குக்குக் காதுவரை வெட்கம் ஏறியது. இத்தனை நாள் வாசலில் வந்து கேட்ட அந்த அம்மாவை மனதுக்குள் என்னென்ன பெயர் வைத்து அழைத்திருந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். மண்டியிட்ட இடத்திலேயே ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஒன்பதாம் மாடியில் மணி அடித்ததும் தலைவியே கதவைத் திறந்தார். "என்ன முதலாளி, சாட்சி என்ன சொல்லுது?" என்றார்.

அந்த அம்மா தேடிக் கஷ்டப்பட வேண்டாம் என்று இடது பைக்குக் கீழ்ப்பகுதியை முன்கூட்டியே பெரிதாக்கி வைத்திருந்தார் போன்சிக். இடுப்பை நன்றாக வளைத்துக் குனிந்து, கைபேசியை இரண்டு கைகளாலும் நீட்டினார்.