காதர் பாயும் கோட்டிங் ரூம் தூசியும்

செய்தி வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. காதர் பாயின் மகள் போனில் அழவில்லை. "மாமா, அத்தா போயிட்டாருங்க. காலையில டீ குடிச்சாரு, பேப்பர்காரரைக் கிண்டல் பண்ணுனாரு, அப்படியே சாஞ்சுட்டாருங்க" என்றார். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து நான் கோட்டைமேடு போய்ச் சேர்வதற்குள் தெரு நிறைந்துவிட்டது. அழுதவர்களைவிட, அவர் அடித்த கேலிகளைச் சொல்லிச் சிரித்தவர்களே அதிகம்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர், "யுரேனியத் தூசி தின்ன ஒடம்புங்க, அதான் கொண்டு போயிருச்சு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பாய் எண்பதைத் தாண்டியவர். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். "தெரியாததைப் பேசாதீங்க. யுரேனியச் சுரங்கத்துல வேலை பாத்துட்டு முழுசா வந்த மனுசன் அவரு" என்று அங்கேயே சொன்னேன். இழவு வீட்டில் சண்டை போட்டேன் என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். பாய் தூசியால் சாகவில்லை. தூசியோடு சண்டை போட்டு வாழ்ந்தவர். அந்தச் சண்டையில் அவர் கேட்டு, கிடைக்காமலே போனது ஒன்று உண்டு. இரும்பு வார்க்கும் நம் பவுண்டரியின் கோட்டிங் ரூமுக்குத் தூசி உறிஞ்சும் மிஷின். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் நம்மிடம் வேலைக்கு வந்த நாள், கூட வேலை பார்த்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வடக்கே யுரேனியச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர் என்று தெரிந்ததும் சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஃபிட்டர் ஆறுச்சாமிதான் தூரத்தில் நின்று கேட்டார்.

"ஏனுங்க பாய், இருட்டுல மினுங்குவீங்களாமா?"

"ஆமாங்க. எங்கூட்டுல லைட்டே போடறதில்ல. கரண்ட் பில்லு மிச்சம்."

மறுநாள் எல்லோரும் அவரைச் சுற்றித்தான் உட்கார்ந்தோம்.

சிரிப்பு அடங்கிய பிறகு விஷயத்தையும் அவரே சொன்னார். "கல்லு கையில இருந்தா பெருசா ஒண்ணும் பண்ணாதுங்க. தோலு தடுத்துப்போடும். தூசியாகி மூச்சோட உள்ள போச்சுன்னாத்தான் வினை." நான் பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவன், யார் சொன்னாலும் லேசில் நம்புகிறவனும் இல்லை. பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்தேன். பாய் சொன்னது சரிதான். யுரேனியத் தூசியில் கரையாத துகள் நுரையீரலில் தங்கி, வருஷக்கணக்கில் கதிர்வீச்சால் அந்த இடத்தையே சுட்டுக்கொண்டிருக்கும். புற்றுநோய்க்கு அது ஒரு வழி. கரைகிற துகள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால்தான் சுரங்கத்தில் தண்ணீர் பாய்ச்சியபடியே பாறையைத் துளைப்பார்களாம். உள்ளே காற்று ஓடிக்கொண்டே இருக்குமாம். போட்ட துணியை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்களாம்.

நம் கோட்டிங் ரூமில், உருகிய இரும்பை ஊற்றும் அச்சுக்குப் பூசக் கலக்கும் ஜிர்கான் பவுடரிலும் இயற்கையாகவே துளி யுரேனியம் உண்டு. பாய் அதைச் சொல்லி யாரையும் பயமுறுத்தவில்லை. "இதுல இருக்கறது ரொம்பக் கொஞ்சமுங்க. ஆனா மைதா மாதிரி நைசா இருக்குது பாருங்க, அதுதான் வம்பு. எந்தத் தூசியா இருந்தாலும் நெஞ்சுக்கு ஆகாதுங்க" என்பார்.

தூசிக்கு நம் பவுண்டரியில் கொடுத்த மருந்து வெல்லம். தினமும் ஆளுக்கு ஓர் அச்சு. தின்றால் நெஞ்சில் படிந்த தூசி இறங்கிவிடும் என்று முதலாளியும் நம்பினார், நாமும் நம்பினோம். பாய் தன் பங்கை ரசித்துத் தின்றுவிட்டு முதலாளியிடமே சொன்னார்: "வெல்லம் அருமைங்க. ஆனா வெல்லம் போறது வயித்துக்கு, தூசி போறது நெஞ்சுக்கு. ரெண்டும் எங்கீங்க சந்திக்கும்? உறிஞ்சற மிஷின் ஒண்ணு மாட்டிக் குடுங்க." முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "பாக்கலாங்க பாய்" என்றார். மறுநாள் முதல் பாய்க்கு இரண்டு அச்சு வெல்லம் வந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நாம் செய்த காரியம் இதைவிட மோசம். வருஷம் முழுக்கச் சுவரிலும் உத்தரத்திலும் படிந்த தூசியைக் கம்ப்ரஸர் குழாயால் காற்றடித்துக் கிளப்பி, வறண்ட தரையை விளக்குமாற்றால் கூட்டுவோம். ஆள் முகம் தெரியாது. அதுதான் திருவிழாக் களை என்று நினைப்பு. அந்த வருஷம் பாய் கம்ப்ரஸர் வால்வை மூடிவிட்டு அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எந்திரிங்க பாய், எங்க பூஜைல உங்களுக்கு என்னங்க வேலை?" என்றார் ஆறுச்சாமி.

"பூஜை உங்களுதுங்க. பொரியும் சுண்டலும் எனக்கு. அதுல தூசி உழுந்தா நான் உடுவனா?" பிறகு கோட்டிங் ரூம் பெண்களைப் பார்த்து, "ஏனுங் அம்மணி, ஊட்டு வாசலை வெறுமனேவா கூட்டறீங்க?" என்று கேட்டார்.

"தண்ணி தெளிக்காம எவ கூட்டுவா?" என்றார் ஒருவர். சொன்ன கையோடு வாளியை எடுக்கப் போனார். அவ்வளவுதான், ஈரச் சாக்கும் ஈரத் துணியுமாகச் சாயங்காலத்துக்குள் பட்டறை பளபளத்தது. உலைப் பக்கம் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீரும் நான் விடவில்லை. உருகிய இரும்பு ஈரத்தைத் தொட்டால் வெடிக்கும். பாய் உடனே கும்பிடு போட்டார். "அது உங்க ராஜ்ஜியம் மேஸ்திரி. நான் எல்லை தாண்ட மாட்டேன்." அன்று அவர் தின்ற சுண்டலுக்குக் கணக்கே இல்லை. அதன்பின் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஈரத் துடைப்புதான்.

மிஷின் மட்டும் வரவில்லை. பாய் ஓய்வு பெறும்வரை கேட்டார். ஒருமுறைகூடக் கோபப்பட்டுக் கேட்டதில்லை. எனக்கு அதில் அவரோடு கடைசிவரை சண்டை. "கத்துனாத்தான் காது கேக்கும் பாய்" என்பேன். "கத்தறதுக்கு நீங்க இருக்கீங்கல்ல" என்பார்.

போன வாரம் பவுண்டரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். இப்போதைய முதலாளி, பழையவரின் மகன், பாயின் படத்தைக் கோட்டிங் ரூமில் மாட்டப்போவதாகச் சொன்னார். நான் எழுந்தேன். "படத்துக்கு மூச்சு இல்லீங்க தம்பி. அங்க பவுடர் கலக்கற புள்ளைகளுக்கு இருக்குது. மிஷினை மாட்டுங்க, அப்பறம் படத்தை மாட்டலாம்" என்றேன். "பாக்கலாங்க" என்றார் அவர், அப்பாவைப் போலவே. கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள்.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எது என்று யோசித்துப் பார்த்தேன். கோபம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. அவருடைய கோரிக்கையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை அந்தத் தம்பியைப் பார்க்கப் போகிறேன். முடியாது என்றால் அடுத்த திங்கட்கிழமையும் போவேன். சிரித்துக்கொண்டே கேட்க வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறேன். வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள்.