கண் திறந்து கொடுக்கும் கடை

சென்ற மாதம் என் மனைவிக்குக் கண் திறந்தார்கள்.

மருத்துவமனையில் அல்ல, பதுளை பஜாரில், ஒரு ஸ்டூடியோவின் மாடியறையில். அவள் மறைந்து ஓராண்டு நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தன.

இந்தப் பத்தியை வழமையாக வாசிக்கிறவர்களுக்குக் கமலாவைத் தெரியும். அவளைக் கேலி செய்யாமல் எனக்கு எழுத வராது என்பது அவளுடைய நிரந்தர முறைப்பாடு. இந்த ஓராண்டில் அவளைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டு எழுதிய நண்பர்களுக்கு நன்றி. இன்று எழுதுகிறேன்.

கொழும்பில் இருக்கும் எங்கள் ஒரே மகள் மாலினி என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“அப்பா, திவசத்துக்கு அம்மாவோட பெரிய படம் வேணும். என்னயப் பாக்கிற மாதிரி இருக்கணும்.”

நியாயமான ஆசை. ஆனால் ஒரு சிக்கல். கமலா எந்தப் படத்திலும் யாரையும் பார்த்ததில்லை.

கமரா சொடுக்கும் அந்த நொடியில் அவளுடைய இமைகள் விழுந்துவிடும். எங்கள் கல்யாண ஆல்பத்தில் நான் நேர்முகத் தேர்வுக்கு வந்தவனைப் போல விறைத்து நிற்கிறேன். பக்கத்தில் மணமகள் உறங்குகிறாள். அடையாள அட்டைப் படத்தில் மட்டும் கண் திறந்திருக்கிறது. இமைக்கவே கூடாது என்று படப்பிடிப்பாளர் மிரட்டியதில், வீட்டுக்குள் திருடனைக் கண்டவள் போல விழித்திருப்பாள். அந்த அட்டையை என்னிடம்கூடக் காட்டமாட்டாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு நல்ல படம். அப்புத்தளையில் என் தம்பி மகனுடைய கல்யாணத்தில் எடுத்தது. மண்டபத்தின் ஜன்னல் வழியே பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. குடும்பப் படத்துக்கு ஆட்களை அடுக்குவதற்கு முன், வெளிச்சம் சரியா என்று பார்ப்பதற்காகப் படப்பிடிப்பாளர் தட்டிய ஒரு படம். நாங்கள் இருவரும் ஓர் ஓரத்தில் நிற்கிறோம். நான் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாய் பாதி திறந்திருக்கிறது. கமலா முகமெல்லாம் மலர்ந்து சிரிக்கிறாள்.

கண் மூடியிருக்கிறது.

அதை எடுத்தவர் பாயிஸ். பஜாரில் அவருடைய ஸ்டூடியோவுக்குப் போகாத குடும்பம் பதுளையில் குறைவு. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட் படம், சடங்கு ஆல்பம், கல்யாணம், கடைசியில் சுவரில் மாட்டும் படம்… ஒரு மனிதருக்கு வாழ்க்கையில் தேவைப்படும் எல்லா முகங்களும் அங்கே தயாராகின்றன. கீழே அவர் படம் எடுப்பார். மேலே அவருடைய மனைவி ரிஸ்னா கம்ப்யூட்டரில் திருத்துவார்.

“வாங்க சேர்,” என்று பாயிஸ் கதிரையைத் துடைத்துப் போட்டார். படத்தைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. “அட, இது என்ட லைட் பாத்த ஷொட்! மேடம் அண்டைக்குக் குடும்பப் படத்துலயும் கண்ண மூடிட்டாங்க சேர். எல்லாரும் மூடுங்க, நான் சொன்னதும் தொறங்கன்னு சொன்னேன். எல்லாரும் தொறந்தாங்க. மேடம் தொறக்கல்ல.”

“சொன்ன பேச்சைக் கேட்கும் வழக்கம் அவளுக்கு இல்லை,” என்றேன்.

“கவலப்படாதீங்க. நாங்க தொறந்து குடுப்போம்.”

இதை அவர் ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துத் தருகிறேன் என்பதுபோலச் சொன்னார். அவர்களுக்கு இது அன்றாட வேலை. தேயிலைத் தோட்டத்தில் பலருக்கு வாழ்நாளில் தனியாக எடுத்த படம் இருக்காது. இருப்பது யாருடையதோ கல்யாணக் கூட்டத்தின் மூன்றாம் வரிசை. ஃபிளாஷ் பட்டுக் கண் மூடியிருக்கும். ஸ்டூடியோ கண்ணைத் திறக்கும், தலையைச் சீவிவிடும், நெற்றியில் திருநீறு பூசும். மாலை விழுந்தால் தாடை மறையாதபடி நெஞ்சுக்குக் கீழே இடமும் விட்டுவிடும்.

மாடியில் எனக்கு முன்னதாக ஒரு குடும்பம் காத்திருந்தது. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த ஒரு தாயும், வளர்ந்த மகனும் மகளும். தகப்பனின் அடையாள அட்டைப் படத்துக்கு ரிஸ்னா ஒரு கறுப்புக் கோட்டு அணிவித்துக்கொண்டிருந்தார். திரையில் அந்த மெலிந்த முகத்தின் கீழே கோட்டும் டையும் வந்து உட்கார்ந்தன.

“இது யாரு, கோர்ட்டுக்குப் போற ஆளு மாதிரி?” என்றாள் மகள்.

“நீ சும்மா இரு. அப்பாவுக்கு நல்லாத்தான் இருக்கு,” என்றான் மகன்.

தாய் கிட்டே வந்து திரையைப் பார்த்தார். “ஏன்டா, அந்த மனுசன் கோட்டு போட்டுக்கிட்டா கவ்வாத்து வெட்டுனாரு?”

தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டும் அந்தக் கடும் வேலையைக் கோட்டும் டையுமாக நினைத்துப் பார்த்ததில் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

“உசுரோட இருந்தப்ப போடல. அதனாலதாம்மா இப்பப் போடச் சொல்றேன்,” என்றான் மகன்.

தாய் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ரிஸ்னாவின் தோளைத் தொட்டார்.

“கோட்டு இருக்கட்டும் தங்கச்சி. அந்த டைய மட்டும் எடுத்துருங்க. அவருக்கு மூச்சு முட்டும்.”

டை மறைந்தது. மூவரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

அடுத்தது என் முறை. ரிஸ்னா முதலில் என்னை அகற்றினார். பிறகு மண்டபத்தை, ஜன்னலை, பனிமூட்டத்தை. வெளிர் நீலப் பின்னணியில் கமலா தனியே மிதந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் அது விழும் ஓசையில் மாடியறை மெல்ல நகர்வது போலிருந்தது. நான் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்க வேண்டும்.

“பாருங்க சேர்.”

பார்த்தேன். கமலா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. யாராவது அறைக்குள் வந்தால் எழுந்திருப்போம் அல்லவா… அப்படித்தான்.

சற்று நேரம் கழித்தே மற்றது தெரிந்தது. கன்னங்கள் சிரிக்கின்றன, கண்கள் சிரிக்கவில்லை. அவை ஒழுங்காக, நேராக, படமெடுப்பவரின் கட்டளைக்குப் பணிந்து நிற்கின்றன. கமலா என்றைக்கும் பணியாத கட்டளை அது.

“இந்தக் கண்கள் யாருடையவை?” என்று கேட்டேன்.

“மகள்ட சேர்,” என்றார் ரிஸ்னா இயல்பாக. “அண்டைக்கு எடுத்த குடும்பப் படத்துலருந்து எடுத்தன். ஒரே லைட், ஒரே பக்கம், ஒரே குடும்பம். அம்மாமாருக்கு நாங்க எப்பயும் மகள்ட கண்ணத்தான் வெக்கிற. யாராலயும் கண்டுபிடிக்க ஏலாது.”

தொழில் முறையில் குறை சொல்ல இடமில்லை. வாட்ஸ்அப்பில் மாலினிக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள். ஆனால் பேசக் கொஞ்சம் நேரம் எடுத்தாள்.

“நல்லா இருக்குப்பா. அம்மா பாக்கிறாங்க.” பிறகு, “உங்களுக்குப் பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு,” என்றேன். அம்மா தன்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட பிள்ளையிடம், பார்ப்பது நீயேதான் என்று எப்படிச் சொல்வது?

அழைப்பைத் துண்டித்த பிறகு பாயிஸிடம் மெதுவாகக் கேட்டேன், பழைய படத்தையே பெரிதாக்கித் தர முடியுமா என்று.

அவர் திடுக்கிட்டார். “அதுல நீங்களும் இருக்கீங்களே சேர்! உசுரோட இருக்கிற ஆளுக்கு மாலை போட ஏலுமா? உங்கட ஆக்கள் என்னயத்தான் ஏசுவாங்க.”

“அவளை மட்டும் வெட்டி எடுத்தால்?”

ரிஸ்னா வெட்டிக் காட்டினார். கண் மூடிய முகம், தனியாக, நீலப் பின்னணியில். என் பக்கத்தில் நிற்கும்போது சிரிப்பாக இருந்த அந்த மூடிய கண்கள், நான் இல்லாதபோது, நான் மறக்க முயலும் ஒரு நாளின் முகமாக ஆகிவிட்டன. ரிஸ்னாவே அதைச் சட்டென்று மூடிவிட்டார்.

ஆகவே கண் திறந்த படத்தைப் பெரிதாகவும், பழையதைத் தபாலட்டை அளவிலும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். பெரியது சுவருக்கு. சிறியது என் மேசை லாச்சிக்கு.

நமக்கு இறந்தவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவோ, பஜார்க் கடையோ, மேல்மாடி வீடோ… தொலைக்காட்சிக்கு மேலே ஒருவர் மாலையுடன் அமர்ந்து முழு வீட்டையும் கவனித்துக்கொண்டிருப்பார். கீழே இருக்கிறவர்கள் ஆளுக்கொரு போனில் தலை கவிழ்ந்திருப்பார்கள். உயிரோடு இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்காத குறையை அவர் ஒருவரே தீர்த்து வைக்க வேண்டியிருக்கிறது.

திவசம் நடந்தது. ஐயர் வந்தார், உறவினர் வந்தார்கள். பூனாகலையிலிருந்து வந்த என் அத்தாச்சி படத்தைக் கண்டு கன்னத்தில் கை வைத்தார்.

“கமலா என்னமா பாக்குது பாருங்க! உசுரோட இருந்தப்ப ஒரு போட்டோவுலயாவது முழிச்சிச்சா இந்தப் பொண்ணு?”

எல்லோரும் சிரித்தார்கள். மாலினியும் சிரித்தாள். நான் பந்திக்கு இலை போடப் போய்விட்டேன்.

மாலையில் வீடு காலியானது. மாலினி படத்தை இறக்கி மடியில் வைத்து, கண்ணாடியில் பட்டிருந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

“அப்பா, இது என் கண்ணுதானே?”

“எப்பத் தெரியும்?” என்றேன்.

“நீங்க அனுப்புன அன்னைக்கே. தெனம் கண்ணாடியில பாக்கிற கண்ணுப்பா. தெரியாதா?”

“அப்ப ஏம்மா சொல்லல?”

“நீங்கதானே பிடிச்சிருக்குன்னு சொன்னீங்க.”

“நீ சொன்னதாலதான் நான் சொன்னேன்.”

“நான் எங்க சொன்னேன்? நல்லா இருக்குன்னுதான் சொன்னேன். என் கண்ணு நல்லாத்தானே இருக்கு!”

அவள் அம்மாவின் வாய் அவளுக்கு. நான் எழுந்து போய் லாச்சியைத் திறந்து சிறிய படத்தை எடுத்து வந்து கொடுத்தேன்.

மாலினி அதை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். மலையில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிறிய அட்டைக்குள் இருந்த பனிமூட்டமும் வெளியே இருந்ததும் ஒன்றேபோல் தோன்றின.

“என்னப்பா சொல்லிக்கிட்டிருக்கீங்க இதுல?”

“ஞாபகம் இல்லம்மா.”

“பொய்.”

“உண்மையா ஞாபகம் இல்ல.” இந்த ஓராண்டாக நான் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றியா, சம்பந்தியின் தலைப்பாகையைப் பற்றியா… ஒன்றும் அகப்படவில்லை. பிறருக்காக நான் எழுதிய வரிகள் நூற்றுக்கணக்கில் கோப்புகளில் இருக்கின்றன. அவளைச் சிரிக்க வைத்த அந்த ஒன்று எங்கேயும் இல்லை.

“நீங்க சொல்லி அம்மா சிரிச்சத நான் பாத்ததே இல்லயே,” என்றாள் மாலினி.

“நீ பாக்காத நேரம் நிறைய இருந்திச்சும்மா.”

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பார்க்காத அம்மாவை.

“இதப் போடலாம்ப்பா.”

“நானும் இருக்கேனே. மாலை போட முடியாது.”

“போடாட்டி?”

இரண்டு பட்டங்கள் வாங்கிய மூளை எனக்கு. மாலை இல்லாமலும் ஒரு படத்தைச் சுவரில் மாட்டலாம் என்பது அதற்குத் தோன்றவேயில்லை.

மறுநாளே பாயிஸ் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தார். மாலினி தன் கையால் மாட்டிவிட்டுத்தான் கொழும்பு ரயிலுக்குப் புறப்பட்டாள். கண் திறந்த படத்தைத் துணியில் சுற்றித் தன்னோடு எடுத்துக்கொண்டாள். “என் கண்ணு, நானே கொண்டு போறேன்,” என்றாள்.

இப்போது வரவேற்பறைச் சுவரில் மாலை இல்லை, படத்தடியில் எரியும் மின்சார விளக்கு இல்லை. பனிமூட்டத்தில் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் பேசுகிறார், ஒருவர் கண்ணை மூடிச் சிரிக்கிறார்.

போன புதன்கிழமை காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் புதியவர். சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே அண்ணாந்து படத்தைப் பார்த்தார்.

“மேடம் இல்லீங்களா?”

இந்தக் கேள்விக்கென்று நான் ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருக்கிறேன். சுருக்கமானது, மரியாதையானது; ஓராண்டாகப் பலரிடம் சொல்லிப் பழகியது. அன்று அது வாய்க்கு வரவில்லை.

“உள்ள இருக்காங்க,” என்றேன்.

தூங்குகிறார் என்று நினைத்தாரோ என்னவோ… சிலிண்டரைச் சத்தம் கேட்காமல் இறக்கி வைத்துவிட்டு, கதவையும் மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.