முருகேசன் மகளுக்குக் கிடைத்தது யாருடைய சீட்டு?

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவனுக்கு மழைக்காலம், வெயில்காலம் தவிர இன்ஜினியரிங் கவுன்சலிங் காலம் என்று ஒன்று உண்டு. இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், சீட்டை நாம்தான் மேசை டிராயரில் ஒளித்து வைத்த மாதிரி பெற்றோர் முறைப்பார்கள்.

எவ்வளவு தூரம்?

எறையூரில் கரும்பு வெட்டும் முருகேசன், மகள் பவித்ராவுடன் வந்தார். அரசுப் பள்ளியில் படித்து நல்ல மார்க் வாங்கியவள். சென்னையில் அரசு இன்ஜினியரிங் கல்லூரிதான் முதல் விருப்பம் என்று பிடிவாதமாக நின்றாள். அவரோ காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்புகிற கல்லூரியாகப் பார்த்துப் போடச் சொன்னார். நான் மௌஸைப் பிடித்துக்கொண்டு நடுவில் முழித்தேன். கடைசியில் அவள்தான் கேட்டாள்:

"நீ வெட்டுற கரும்பு சக்கரையாயி மெட்ராஸ் போவுது. நான் போவக் கூடாதாப்பா?"

உரக்கடைக்காரர்

பக்கத்து உரக்கடைக்காரரும் மகனுக்காக வந்து உட்கார்ந்திருந்தார். மனுஷர் கெட்டவர் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. "இவங்களுக்கு என்னங்க, கோட்டா இருக்கு. எம் பையன்தான் கண்ணு முழிச்சுப் படிச்சான்" என்றார். பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தினமும் முகத்தில் முழிக்கிற ஆளாச்சே என்று வாயை மூடிக்கொண்டேன். எங்களிடம் டைப் அடிக்கும் வரதராஜன்பேட்டைப் பெண் ஸ்டெல்லா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"ஏண்ணே, கோட்டா இருக்குன்னு பரீட்சையில கேள்வியக் கொறச்சா குடுத்தாங்க?"

அஞ்சு மணிக்குள்

முருகேசன் இறங்கிவர, சென்னையையே முதல் விருப்பமாகப் போட்டோம்; அலாட்மென்ட் வந்த அன்று பார்த்தால் பவித்ரா கேட்ட கல்லூரியே வந்திருந்தது. ஆனால் பக்கத்தில் 'பொதுப் பிரிவு' என்று போட்டிருந்ததைப் பார்த்து முருகேசன் வெலவெலத்துப் போனார். "சார், நாங்க எஸ்.சி.ங்க. இது வேற யாரு சீட்டோ. வாங்கிட்டா நாளைக்குக் கேஸாயிடும். அமுக்காதீங்க, ஆபீஸ்ல கேட்டுட்டு வரேன்" என்று தாலுகா ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு அஞ்சு மணிக்குள் ஒப்புதல் பட்டனை அமுக்காவிட்டால் சீட்டு கையை விட்டுப் போய்விடும். பவித்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஓடிப்போய் வாசலிலேயே அவரைப் பிடித்தேன். பொதுப் பிரிவு இடங்களை எந்தச் சாதிக்காரரானாலும் மார்க் வரிசைப்படிதான் கொடுப்பார்கள், இவள் மார்க்குக்கு அதிலேயே கிடைத்துவிட்டது, கோட்டாவைத் தொடவே வேண்டியிருக்கவில்லை என்று விளக்கினேன். முகமெல்லாம் மலர்ந்து கேட்டார்:

"அப்ப எங்களுக்குன்னு வச்ச சீட்டு அப்படியே இருக்குங்களா? அதுல இன்னொரு புள்ள போவுமுல்ல?"

கோட்டா சரியா தப்பா என்று டீக்கடையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், அஞ்சு மணிக்கு முன்னால் அந்தப் பட்டனை அமுக்கிவிட்டு அப்பாடா என்று மூச்சு விடுவதுதான் எங்கள் தொழில்.