எத்தியோப்பியாவுக்கு வக்காலத்து வாங்கிய ஜெயராணி

போன ஞாயிறு சங்கரன்கோவிலில் பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜெயராணியின் முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டம். உள்ளூர் கேபிள் டிவியில் வாராவாரம் உலக நடப்பு பேசியவர். கணவருக்கு எத்தியோப்பியாவில் கல்லூரி வேலை; பதினோரு வருஷம் அங்கே குடித்தனம். ‘எத்தியோப்பியா என்றால் பஞ்சம்’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும்... அந்த வாரம் அவருக்குத்தான் பதில்.

“அங்கன மாவைப் புளிக்க வச்சுத்தான் இன்ஜெரா ஊத்துதாவ. நம்ம ஆப்பத்துக்கு அண்ணன் மாதிரி இருக்கும். விருந்தாளி வந்தா காபிக்கொட்டையை அப்பதான் வறுப்பாவ. மூணு ரவுண்டு குடிக்காம விட மாட்டாவ” என்பார். சண்டையையும் வறுமையையும் மறைக்கவும் மாட்டார். “அதுவும் இருக்கு, இதுவும் இருக்கு. நீங்க ஒண்ணைத்தான பாக்கிய?”

நான் என்ன செய்தேன்? பஞ்ச நாட்டில் மூன்று ரவுண்டு காபியாம் என்று பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில் கிண்டலடித்தேன்.

மறுநாளே ஜெயராணியிடமிருந்து போன்.

“சார், நீங்க அங்கன போயிருக்கியளா?”

“இல்லை.”

“பிறகு எந்தத் தைரியத்துல எழுதுதிய?”

அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்ன வயதில் பேப்பரில் பார்த்த ஒரே ஒரு போட்டோ. மன்னிப்பும் கேட்கவில்லை — அதைத்தான் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த அவர் கணவர் தலையை மட்டும் அசைத்தார்.

அடுத்து திருவேங்கடம் ஊர் விவசாயி சுப்பையா வந்தார்.

“எம் மக மாரிக்கு அந்த ஊரு காலேஜுல வேல கிடைச்சுது. பட்டினி கெடக்கவா அனுப்புவேன்? டிவில பேசிப் பேசிப் புள்ள மனசக் கலைக்கியளேன்னு இந்தம்மாகூட சண்ட போடத்தான் வந்தேன். ரெண்டு மணி நேரம் பேசுனாவ. மறுநாளு பாஸ்போர்ட் ஆபீசுக்கு நானே கூட்டிட்டுப் போனேன்.”

சொல்லிக்கொண்டே மகளுக்கு வீடியோ கால் போட்டார். அடிஸ் அபாபாவில் ஒரு பால்கனியில் நின்றாள் மாரி. அவ்வளவுதான் — மொத்தக் கூட்டமும் நாற்காலியை விட்டு எழுந்து அந்தச் சின்னத் திரையை மொய்த்தது. நானும் இடித்துப் பிடித்து எட்டிப் பார்த்தேன். மாடிக் கட்டடங்கள். பாலத்தில் ரயில். “ஏலே, ரயிலு ஓடுது பாரு” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஜெயராணியின் கணவர் கேட்டார்: “அவ சொன்னதெல்லாம் சரிதானாம்மா?”

“ஒண்ணு மட்டும் தப்பு சார். மூணு ரவுண்டோட விட மாட்டேங்காவ.”

மனிதர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

“அது என்னட்டி பின்னால, புகையா?” — சுப்பையா.

“மழைப்பா. மூணு நாளா விடல.”

அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். நல்ல வெயில்.

“ஏட்டி, அதுல கொஞ்சம் இங்கன அனுப்பி விடு.”