அண்ணன் நிறுத்திய ஆட்டு மானியம்

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உறவினர்களில் பலர், தம்பி முன்னேறுவது பொறுக்காமல் அவனுடைய அரசாங்க மானியத்தைத் தடுத்தவர் என்று அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படிச் சொல்லித் திரிந்தவன் நான்தான். அதைத் திருத்தாமல் அவர் படத்துக்கு மாலை போட எனக்குத் தகுதியில்லை.

அண்ணன் நிபோங் திபால் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. விடியற்காலையில் அம்மாவோடு பால்மரம் சீவிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார். என் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போடுவதும் அவர்தான். பின்னர் பட்டர்வொர்த்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவானார். திருமணமாகிக் கடலுக்கு அக்கரையில் தீவிலுள்ள டத்தோ கிராமாட்டில் குடியேறிய பிறகும் தினமும் பெர்ரிக் கப்பல் ஏறி வேலைக்குப் போய் வந்தார். ஆடு மாடு வளர்ப்பவர்களின் மானிய விண்ணப்பங்கள் அவர் மேசைக்குத்தான் வரும். மலாய் எழுதத் தெரியாதவர்களுக்குத் தாமே விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பார்; அவர்களிடம் ஒரு தேநீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். பிழைக்கத் தெரியாதவர் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஆட்டுக் கொட்டகை போட்டிருந்த நானும் விண்ணப்பித்தேன். வேலிக்கும் தீவனத்துக்கும் மானியம் கிடைக்க இருபது ஆடாவது இருக்கவேண்டும். என்னிடம் இருந்தவை பதினான்கு. இருபது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதிகாரிகள் பார்வையிட வருவதற்கு முந்தின நாள், பக்கத்து வீட்டு நண்பரிடம் ஆறு ஆடுகளை இரவல் வாங்கிக் கட்டினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து அண்ணன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். சாயங்காலம் தண்ணீர் காட்ட ஆடுகளை அவிழ்த்துவிட்டேன். ஆறும் வரிசையாக நடந்து நண்பர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தன. ஆட்டுக்கு இருந்த நேர்மைகூட எனக்கு இருக்கவில்லை.

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "தம்பி, பாரத்த நீயே வாபஸ் வாங்கிடு" என்றார்.

"எல்லாரும் செய்றதுதாண்ணே. அரசாங்கக் காசுலா, யாருக்கு நட்டம்?"

"நெசமா இருபது ஆடு வச்சிருக்கிறவன் வரிசையில நிக்கிறான்லா. ஒனக்குக் குடுத்தா அவனுக்கு இல்ல."

நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவரே மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லி விண்ணப்பத்தை நிறுத்திவிட்டார்.

நரம்பில்லாத நாக்கு என்பார்கள். அன்றிலிருந்து என் நாக்கு அப்படித்தான் பேசியது. ஒரு கல்யாண விருந்தில் எங்கள் மாமா, "தம்பி வயித்துல அடிச்சவன் பக்கத்துல நான் உக்கார மாட்டேன்" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு கடைசி மேசைக்குப் போனார். மாமாவைக் குறை சொல்லமாட்டேன், அவர் நம்பியது என் வார்த்தையை. அடுத்த மேசையில் நான் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சிறுநீரகம் பழுதாகி அண்ணன் மூன்று ஆண்டுகள் துன்பப்பட்டார். நான் வீம்பு பிடித்துப் பார்க்கப் போகவில்லை. கடைசியில் போனபோது அவருக்கு நினைவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது அவருக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணி சொன்னார்: "சொந்தக்காரங்ககிட்ட உள்ளதச் சொல்லுங்கன்னு எத்தனையோ தடவ கேட்டேன் தம்பி. 'சின்னவன் பேரு கெட்டுடும், பொண்ணக் கட்டிக் குடுக்கணும் அவன், விடுலா'ன்னுட்டாரு."

அண்ணனை டயாலிசிசுக்குக் காரில் ஏற்றிச்சென்ற அண்டை வீட்டார், பார்த்துக்கொண்ட தாதியர், வீடு தேடி வந்து செபித்த பங்குத்தந்தை, ஒரு நாளும் முகம் கோணாத அண்ணி, இவர்கள் எல்லாருக்கும் நன்றி. நான் செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்கள்.

வரும் மாதம் என் மகளுக்குத் திருமணம். இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் அழுதாள். பிறகு, "போடுங்கப்பா" என்றாள். சம்பந்தி வீட்டாருக்கு, அச்சாகுமுன்பே, ஒரு கையெழுத்துப் பிரதியை நாங்கள் இருவரும் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுத்தோம்.